சில்லென்ற பானட்

பழைய கார் விற்கும் கொட்டகையில், ஆட்கள் வருமுன்பே எல்லா வண்டிகளையும் ஓடவிட்டுச் சூடேற்றி வைப்பது தரகர் சிங்காரத்தின் வழக்கம். சூடான இன்ஜினில் இருமலும் புகையும் அவ்வளவாகத் தெரியாது. அன்று சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் செடான் மட்டும் அவர் சாவிக்கு மசியவே இல்லை.

“இன்னிக்கு விலை போகலைன்னா உனக்குக் காயலான் கடைதான்!” என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

“கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தா என்ன?” என்றது பக்கத்துச் சிவப்புக் கார்.

“நொறுக்கிப் போடட்டும். இந்தப் பித்தலாட்டத்துக்கு நான் உடந்தையாக மாட்டேன்.”

வருஷக்கணக்கில் உழைக்கிற வண்டியாகத் தேடி வந்த ஹேமலதா, சிவப்புக் காரின் பானட்டில் கை வைத்தாள். தோசைக்கல்லாகச் சுட்டது.

“வெயில், மேடம்,” என்றார் சிங்காரம்.

அவள் தலைக்கு மேலிருந்த கூரையைப் பார்த்தாள். பிறகு செடானைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

“அது ஸ்டார்ட்டே ஆகாது, மேடம்.”

அவள் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். ஒரே திருகலில் செடான் உறுமியது. புகையில்லை, இருமலில்லை. சிங்காரத்தின் வாய் பிளந்தது.

“அப்போ காலையில ஏன் அப்படி அடம்பிடிச்சே?” என்று கேட்டது சிவப்பு.

புது எஜமானியோடு வாசலைத் தாண்டும்போது செடான் சொன்னது: “அவங்க மட்டும்தான் பார்த்து வாங்கணுமா? நானும் பார்த்துத்தான் போவேன்.”