பேர் வேண்டாம்

வியாழக்கிழமை மாலை நாலு பத்து. டீச்சர் வீட்டு முன்னறையில் ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஜெபக்குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள்.

தையல்காரம்மா முதலில் மகளுக்காகச் சொன்னாள். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். டீச்சர் பேசி முடித்த இடம். எல்லாம் தடையில்லாமல் நடக்க வேண்டும். ஐந்து பேரும் ஆமென் என்றார்கள்.

"இன்னொண்ணு இருக்கு. நம்ம சபைப் பொண்ணு ஒண்ணு. செவ்வாய்க்கிழமையானா பன்னெண்டு மணிக்கு மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பின்வாசல்ல நுழையுது. குடையைத் தாழ்த்தி முகத்தை மறைச்சுக்கிட்டு. ஒரு மணி நேரம் கழிச்சு உடுப்பெல்லாம் நனைஞ்சு வெளியே வருது."

மருந்துக்கடைக்காரர் மனைவியை இழந்து மூன்று வருடம் ஆகிறது. ஒருத்தி மின்விசிறியைக் குறைத்தாள், சரியாகக் கேட்கட்டும் என்று.

"யாருக்கா அது?" என்றாள் பேக்கரிக்காரி.

"பேர் வேண்டாம்."

"நமக்குள்ளதானே. பேர் தெரியாம எப்படி ஜெபிக்கிறது?"

"ஆண்டவருக்குத் தெரியும்ல? பேர் சொன்னா அது புறங்கூறுறது. சொல்லாட்டி ஜெபக்குறிப்பு." தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுவும் என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

எல்லோரும் கண்களை மூடினார்கள். பேக்கரிக்காரி ஒரு கண்ணை மட்டும் மூடினாள்.

தையல்காரம்மா நினைத்தது அதே சபைக்கு வரும் நர்ஸை. முகத்தைப் பார்க்கவில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே அந்தப் பின்வாசலில் குடையும் செருப்பும்தான் தெரியும். ஆனால் வெள்ளைச் செருப்பு வேறு யார் போடுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை விட்டு விலகி உட்காரவில்லை. ஆராதனை முடிந்ததும் டீச்சர் அவளோடு சிரித்துப் பேசினாள்.

வாசலில் பேக்கரிக்காரி தையல்காரம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். "தைரியமா இருங்கக்கா. உங்களுக்காகத்தான் ஜெபிக்கிறோம்."

கல்யாண வேலையைச் சொல்கிறாள் போலிருக்கிறது. "தைரியத்துக்கு எங்கடி நேரம், தலைக்கு மேல தையல் கிடக்கு," என்று சிரித்தாள் தையல்காரம்மா. பேக்கரிக்காரி சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மருந்துக்கடைக்காரர் தையல் கடைக்கு வந்தார். கையில் ஐந்து பழைய நைட்டிகள்.

"இதையெல்லாம் முதுகுப் பக்கம் முழுசா வெட்டி, நாடா வெச்சுத் தர முடியுமாம்மா? அம்மா படுத்த படுக்கை. தலைவழியா மாட்ட முடியலை."

"எப்பலேருந்து?"

"ரெண்டு மாசமா. அக்கா பொண்ணுதான் செவ்வாய்க்கிழமை வந்து குளிப்பாட்டி விடுது. நர்ஸிங் காலேஜ்லேருந்து உச்சி வெயில்ல ஓடி வந்து, அம்மாவைக் குளிப்பாட்டுறதுல தானும் பாதி குளிச்சிட்டுப் போகும். பாவம்."

தையல்காரம்மா அளவு டேப்பைச் சுருட்டினாள். பிறகு பிரித்தாள். மறுபடியும் சுருட்டினாள்.

அன்றைக்கே ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அது சுலபமாக இருந்தது. அவர் யாரிடமும் சொல்லமாட்டார்.

வியாழக்கிழமை அந்த ஐந்து பேரிடமும் கேட்டாள்.

"போன வாரம் நான் சொன்னது தப்பு. அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லை. அது அவரோட அக்கா பொண்ணு. படுத்திருக்கிற அம்மாவைக் குளிப்பாட்ட வருது."

"நம்ம சபைப் பொண்ணுன்னு சொன்னீங்களே அக்கா?" என்றாள் பேக்கரிக்காரி.

"தெரியாம சொல்லிட்டேன். நான் முகத்தையே பார்க்கலை."

"முகத்தையே பார்க்காமத்தான் அன்னிக்கு அப்படிக் கண் கலங்கினீங்களா?"

"பொய்டி. என் வாய் பொய் சொல்லிடுச்சு. எல்லாரும் மறந்துடுங்க." குரல் உடைந்தது. "அந்தப் பொண்ணு வாழ்க்கை கெட்டுப்போச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்."

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரிக்கா. அக்கா பொண்ணுன்னே வெச்சுக்குவோம்," என்றாள் பேக்கரிக்காரி மெதுவாக.

டீச்சர் எழுந்து வந்து தையல்காரம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழாதீங்க. உங்க இடத்துல யார் இருந்தாலும் இப்படித்தான் பேசுவாங்க." நோட்டைத் திறந்து அந்த வரியை அடித்தாள். அடித்த கோட்டுக்குக் கீழே எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்கு நடந்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் முறையாகப் பசித்தது.

மகள் கல்யாண உடுப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். "வயித்தை எக்கிப் பிடிக்காதே. அன்னிக்கு முழுக்க மூச்சு விடாமலா நிக்கப்போறே?" என்று அதட்டிவிட்டு, தையல்காரம்மா கீழே உட்கார்ந்து ஓரத்தை மடித்தாள்.

போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. தையல்காரம்மாவின் வாயில் நாலு குண்டூசி. மகளே குனிந்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கல்யாணம் வேண்டாம். நாங்களும் நாலு நாளா ஜெபிச்சுட்டுத்தான் சொல்றோம்."

மகள் ஸ்டூல் மேல் அசையாமல் நின்றாள். தையல்காரம்மா வாயைத் திறக்கப் பார்த்தாள். ஊசி உதட்டில் ஏறியது.

"உங்க மேல கோபம் இல்லைம்மா. பெத்த மனசு, மறைக்கத்தான் பார்க்கும். இன்னிக்கு அழுது மழுப்பினதையும் டீச்சர் சொன்னாங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அடுத்த வீட்டுப் பொண்ணா இருந்திருந்தா, பேரைச் சொல்லாம விட்டிருப்பீங்களா?"