ஆளைக் கூட்டிட்டு வாங்க

முருகையன் ரெண்டு டீ சொல்லி வாங்கிய நேரத்தில்தான் டிவியில் அந்த டாக்டர் வந்தார்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடை. காலையிலிருந்து ஒரே காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்சித் தலைவி ஒருத்தர் மேடையில் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, மைக்கைப் பிடித்தபடி வெறித்து நிற்கிறார்.

டாக்டர் முகத்துக்குக் கீழே இருந்ததை முருகையன் எழுத்துக்கூட்டிப் படித்தான். மனநல மருத்துவர். அவரேதான். விழுப்புரத்து டாக்டர்.

"மாஸ்டர், சவுண்ட ஏத்து. தங்கமான மனுசன். ஆளப் பாக்காம ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு." கொஞ்சம் உரக்கவே சொன்னான்.

"இன்னாண்ணே, மண்டியில மூட்ட தூக்குற உனக்கு டாக்டரு பங்காளியா?"

மாஸ்டர் சிரித்துக்கொண்டே சத்தத்தை ஏற்றினார்.

மூன்று வருசத்துக்கு முன்னால் பெண்டாட்டி ரத்தினம்மாள் சுவரோடு பேச ஆரம்பித்தபோது, அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு முருகையன் தனியாகத்தான் அவரிடம் போனான். அவர் போனைத் தள்ளி வைத்தார். வீடியோவைப் பார்த்துச் சொல்வது வைத்தியமில்லை, ஆளைக் கூட்டிட்டு வாங்க என்றார்.

வரமாட்டேன் என்று அவன் காலில் விழுந்தாள். சும்மாட்டுத் துண்டால் கையைக் கட்டி, பட்டப்பகலில், தெருவே நின்று பார்க்க ஆட்டோவில் ஏற்றினான்.

மாத்திரையில் தெளிந்தாள். தெளிந்த கையோடு, கட்டி இழுத்துப் போனவனோடு இருக்கமாட்டேன் என்று அவலூர்பேட்டையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

போய்ப் போய்க் கூப்பிட்டான். ஏன் கட்டி இழுத்துப் போனாய் என்று அவள் கேட்க, ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னது அதே பதில்தான். பெரிய டாக்டர், பார்க்காமல் வாயைத் திறக்கமாட்டார், நான் என்ன செய்ய.

டிவியில் கேட்டார்கள், அந்தத் தலைவியை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று.

டாக்டர் சிரித்தார். "தேவையே இல்லைங்க. இந்த வீடியோ ஒண்ணே போதும்."

பிறகு ஒரு நோயின் பேரைச் சொன்னார்.

"அது பைத்தியம்னு அப்பவே சொன்னேன்ல" என்றான் பின்னால் ஒருத்தன்.

முருகையனுக்குப் பக்கத்தில் இருந்த ரத்தினம்மாள், டீயைப் பாதியோடு கீழே வைத்தாள். அவனுடைய பதிலை நம்பி, அன்று காலைதான் துணிப்பையோடு வந்து இறங்கியிருந்தாள்.

மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

பையை எடுத்துக்கொண்டு போய், புறப்பட நின்ற அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறினாள்.

கூப்பிட வாயெடுத்தான். அவனிடம் இருந்தது அந்த ஒரு பதில்தான்.