இன்னொரு கோட்டிங்

ஓவியர்கள் ஐந்து பேர், முதலாளி என்று யாரும் வேண்டாமென்று தாங்களே நடத்திய காட்சிக்கூடம் அது. யாருடைய கண்காட்சி முடிகிறதோ அவரே ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்து, சுவருக்கு வெள்ளையடித்துவிட வேண்டும். அவர்கள் வைத்துக்கொண்ட ஒரே சட்டம் அதுதான். பூச்சு ஏற ஏற அறை சிறுத்துக்கொண்டே வந்தது. சிற்பங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. பிறகு பார்வையாளர்கள் ஒவ்வொருவராகத்தான் உள்ளே வந்து போக முடிந்தது. அப்போதும் சட்டத்தை மாற்றவில்லை. போன முறை வெள்ளையடித்த எபினேசர் ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். அவன் செருப்பு மட்டும் வாசலிலேயே கிடந்தது.

இன்று தமயந்தியின் முறை. ரோலரை மேலே தள்ளும்போதெல்லாம் அவள் முழங்கை பின்சுவரில் இடித்தது.

"குணா, திரும்பக்கூட முடியல. இதோட விட்டுடலாமே" என்றாள்.

"முதலாளி போட்ட சட்டமா இது? நாம போட்டதுதானே" என்றான் குணாளன், கதவுக்கு வெளியே நின்றபடி. "இன்னொரு கோட்டிங் அடிச்சிடு."

அடித்தாள். உடம்பை ஒடுக்கி ஒருவழியாகத் திரும்பியபோது, கதவு இருந்த இடத்திலும் வெள்ளை ஈரமாக மின்னியது. அதற்கு அப்பால், அடுத்த கண்காட்சி யாருடையது என்று நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.