பச்சை அம்பு

அக்ரா ஆஸ்பத்திரியில் இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப் முன் டாக்டர் ஜிஃபா இன்று தனியாக உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் உட்காரும் சக டாக்டர் செலாசி நோயாளியாக மாடி வார்டில் படுத்திருந்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனுடைய கணையத் துணுக்கை.

"உன் கண்ணுக்கு எல்லாமே வெறும் வீக்கம்தான்" என்று கென்கி எனும் சோள மாவு உருண்டையைப் பிட்டுத் தின்றபடி செலாசி எப்போதும் சீண்டுவான்.

"உனக்கு எல்லாமே கேன்சர்" என்பாள்.

இதுவும் வீக்கம்தான். மாத்திரையிலேயே வடிந்துவிடும். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது, இடத்தைச் சுட்டிக்காட்ட லென்ஸுக்குள் தெரியும் பச்சை அம்பு நகர்ந்தது. அதை நகர்த்தத் திருகும் குமிழ் எதிர்ப்பக்கம், செலாசியின் காலி நாற்காலி முன் இருக்கிறது. அம்பு மெல்ல ஓரத்துக்குப் போய், ஒரு நரம்பைச் சுற்றிப் படர்ந்திருந்த புற்றணுக்களின் மேல் நின்றது. அவள் பார்க்காமல் விட்ட இடம்.

வார்டுக்குப் போன் செய்தாள்.

"தூங்குறார் டாக்டர்," என்றாள் நர்ஸ். "வலது கை மட்டும் எதையோ திருகிக்கிட்டே இருந்துச்சு. இப்பதான் நின்னுது."