நாலாவது வீடு

அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன்னால், கழுத்துச் சங்கிலியில் கிடந்த சிலுவையை லிஜா சேலைக்குள் தள்ளிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மகள் அஜிஷா அதைப் பார்த்தாள்.

கதவைத் திறந்தவர் வீட்டின் சொந்தக்காரர் தாணுமாலயன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்வதிபுரத்தில் அவருடைய மாடி வீடு ஒரு மாதமாகக் காலியாகக் கிடந்தது.

"எந்த ஊரு?"

"தேங்காய்ப்பட்டணம், சார்."

"கடக்கரையா?"

"ஆமா."

வெட்டூர்ணிமடம், சுங்கான்கடை, வடசேரி. இதற்கு முன் பார்த்த மூன்று வீட்டிலும் இதே கேள்விதான். மூன்று பேரும் நேரில் சரி என்றார்கள், மறுநாள் போனில் இல்லை என்றார்கள்.

"வீட்டுக்காரரு?"

"பஹ்ரைன்ல மீன்பிடி போட்டுல நிக்காவ. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கத்தான் வருவாவ. இங்க நானும் மவளும் மட்டும்தான்."

அவர் மாடியைத் திறந்து காட்டினார். இரண்டு அறை, ஒரு சமையலறை, வேப்பமரத்தைப் பார்த்த ஜன்னல். லிஜா நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி அந்த ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

"நடந்தா அஞ்சு நிமிசம், சார்" என்றாள் அவள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "எப்ப கூப்பிட்டாலும் ஓடிப் போயிட்டு வந்துரலாம்."

"உனக்கு சவுரியம்னா நாளன்னைக்கே சாமானக் கொண்டு வா, மக்கா" என்று சொல்லித் தன் போன் நம்பரையும் கொடுத்தார். வீடு தேடுவதற்கென்று வைத்திருந்த நோட்டில், முந்தைய மூன்று நம்பர்களுக்குக் கீழே, அஜிஷா அதைக் குண்டு குண்டாக எழுதிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம், வார்டில் ஒரு நோயாளிக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தபோது தாணுமாலயனின் போன் வந்தது.

"வீடு தோதுப்படாது, மக்கா. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத."

பள்ளிக்கூடம் திறக்க ஒன்பது நாள்தான் இருந்தது. இத்தனை நாளும் அஜிஷாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுச் செசிலி மைனி, மகளின் பிரசவத்துக்காக ஞாயிற்றுக்கிழமை கொச்சிக்குப் போகிறாள். அதன் பிறகு பத்து வயதுப் பிள்ளை பூட்டிய வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மார்ச் மாதம் பள்ளியிலேயே அஜிஷாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மைனியும் அன்றைக்கு ஊரில் இல்லை. தகவல் கிடைத்து, இரண்டு பஸ் மாறி லிஜா போய்ச் சேர்ந்தபோது, பிள்ளை கடைசி பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். அனலாகக் கொதித்த அந்த நெற்றியின் சூடு இன்னும் லிஜாவின் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பொதியைக்கூடப் பிரிக்காமல் அவள் பார்வதிபுரத்துக்கு நடந்தாள். வேகவேகமாக நடந்ததில் சிலுவை வெளியே வந்து கிடந்தது. இந்த முறை அவள் அதை மறைக்கவில்லை.

"கடக்கரைக்காரின்னுதானே, சார்?" என்று கேட்டிலேயே நின்று கேட்டாள். "அத நேத்தே சொல்லியிருக்கலாம். எம்பிள்ளைக்கு ஆசை காட்டியிருக்க வேண்டாம்."

தாணுமாலயனின் முகம் வாடிவிட்டது.

"அப்படி நெனச்சிட்டியா?" என்றார். "உள்ள வந்து இரி. வெயிலாக் கெடக்கு."

"வேண்டாம், சார். ஒரு காரணம் சொல்லுங்க, போயிருதேன்."

"சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன்." அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நேத்து சாயங்காலம் ஒம்மவ போன் போட்டா. 'தாத்தா, எங்கம்மைக்கு வீடு குடுத்துராதீங்க'ன்னு ஒரே அழுகை. ஏன்னு கேக்கதுக்குள்ள போன வச்சிட்டா. ஒரு பிள்ளைய அழ வச்சு நான் எப்படி வாடகைக்கு விட?"

லிஜா அந்த மூன்று வீட்டையும் நினைத்தாள். வெட்டூர்ணிமடம், சுங்கான்கடை, வடசேரி எல்லாமே இப்படித்தானா?

அன்று சாயங்காலம் வழக்கமான ஆறு மணி பஸ்ஸில் அவள் ஏறினாள். கருங்கல் ஸ்டாப் வரைக்கும் கோபம்தான் இருந்தது. அதைத் தாண்டியதும் அழுகை வந்தது. கூட்டுக்காரிகளை விட்டுப் பிரிய மனசில்லையோ, கடலைப் பார்க்காமல் இருக்க முடியாதோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். யாருக்காக இப்படித் தெருத்தெருவாக அலைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

செசிலி மைனியின் வாசற்படியில் அஜிஷா சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தவள், முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, நாலு வீட்டுக்கும் போன் போட்டது நீதானா?"

பிள்ளை தலையாட்டினாள்.

"கூட்டுக்காரியள விட்டுட்டு வர மாட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"பின்ன என்னதாம்பிளே ஒனக்கு?" லிஜா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். "அங்க போனா நான் எப்பவும் ஒம்பக்கத்துலயே இருப்பேன்லா, மக்கா."

அஜிஷா கிட்டே வந்து அம்மாவின் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லித்தாம்மா நீ தெனமும் ஆஸ்பத்திரிய விட்டு வீட்டுக்கு வாற."