இரண்டு தாள், ஒரே எண்

"ரெண்டு பேர் எண்ணினா ஒரே எண் வரவே வராது, கிளாரிஸ்."

போனில் பறவைக் கணக்கெடுப்புத் தலைமையகத்துப் பெண் இப்படிச் சொன்னதும் கிளாரிஸுக்கு முகம் சுண்டிப்போனது. போன வசந்தத்துத் தாள்கள் மேசைமேல் கிடந்தன. வில்பர்ட் 312, எர்லா 312. அடுத்தது 287, 287. எண்ணிய நாலு சாயங்காலமும் அப்படியே.

"சுழன்று சுழன்று இறங்குற குருவிங்க. ரெண்டு மூணாவது விட்டுப்போகும், இல்ல கூடிப்போகும். ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் எழுதியிருக்காங்க. இந்தத் தடவையும் இப்படி வந்தா உங்க புகைபோக்கியைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவேன்."

எடுத்துவிட்டால் போச்சு. பழைய பள்ளிக்கூடத்துப் புகைபோக்கிக்கு மூடி போட ஊர்மன்றம் தயாராக நிற்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேரும் உழவாரன் குருவிகள் ராத்திரி தொற்றிக்கொள்ள அந்த ஆற்றங்கரையில் வேறு சுவர் கிடையாது.

காப்பியடித்தது யார் என்பதில் கிளாரிஸுக்குச் சந்தேகமே இல்லை. வில்பர்ட் பத்தொன்பது வசந்தமாக எண்ணுகிறவர். இந்தக் குருவிக் கூட்டத்தை முதலில் கண்டவரே அவர்தான். எர்லாவோ அவர் தோளை இடிக்கிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ருபார்ப் அப்பத்தைத் தின்றுகொண்டு, ஓயாமல் பேசுகிறவள். எல்லாருக்கும் எண்ணுவதற்கு ஓசையில்லாத கிளிக்கர் கொடுத்தால், அவள் மட்டும் வீட்டிலிருந்து ஒரு தகரக் கிளிக்கரைக் கொண்டுவந்தாள். ஒரு குருவிக்கு ஒரு அமுக்கு, அமுக்கும்போதெல்லாம் டக்கென்று ஒரு சத்தம்.

மே மாதக் கடைசிப் புதன். சாயங்கால வெயில் இன்னும் செங்கல்லில் ஒட்டியிருந்தது. எர்லாவின் வண்டியிலிருந்து இரண்டு பேரும் இறங்கினார்கள்.

"இன்னிக்கு நீங்க வடக்கே, வேலியோரம் உட்காருங்க வில்பர்ட். எர்லா தெற்கே, என்கூட."

"எதுக்கு?" என்றாள் எர்லா. "நாங்க என்ன பரீட்சையா எழுதுறோம்?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்."

"அங்கே ஈ பிடுங்கித் தின்னுடும் அந்தக் கிழவனை."

"வலைத்தொப்பி போட்டிருக்காரு."

எர்லா வில்பர்ட்டின் கையைப் பிடித்து, "குண்டும் குழியுமா கெடக்கு, பார்த்து வா" என்று கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு வந்தாள். வந்த வேகத்தில் கிளாரிஸின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன், கண்ணு."

"முடியாது, எர்லா. ரெண்டு தாள்லயும் ஒரே எண் வருது. ஒருத்தர் காப்பியடிக்கிறாங்கன்னு தலைமையகத்துல கண்டுபிடிச்சுட்டாங்க."

எர்லா வேலிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான். போதுமா? அவரைப் பார்த்து நான்தான் எழுதினேன். அவரை ஒண்ணும் கேட்காதே."

"வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

"இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு நாற்காலியை விரித்தாள் எர்லா.

சூரியன் இறங்கியதும் குருவிகள் வந்தன. கீச்கீச்சென்று கத்திக்கொண்டு கூரைக்கு மேல் வட்டமடித்தன. வட்டம் இறுகியது. முதல் குருவி சிறகைத் தூக்கிப்பிடித்துத் தொப்பென்று புகைபோக்கிக்குள் விழுந்தது. டக்.

கிளாரிஸும் ஒரு கிளிக்கரை எடுத்துக்கொண்டாள். எர்லாவின் எண்ணிக்கையை நம்பமுடியாதே!

கால் மணி நேரம் எர்லா வாயே திறக்கவில்லை. அப்பம் மடியில் அப்படியே இருந்தது. கண் வானத்தை விட்டு அகலவில்லை. கடைசிக் குருவி இறங்கியபின் பத்து நிமிஷம் காத்திருந்து, இருவரும் எண்ணைப் பார்த்தார்கள்.

எர்லா 276. கிளாரிஸ் 271.

கிளாரிஸ் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். எண்கள் பொருந்தவில்லை. தலைமையகத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. புகைபோக்கி தப்பித்தது. ஆனால் இவ்வளவு சுத்தமாக எண்ணத் தெரிந்தவள் எதற்காக இன்னொருவரைப் பார்த்து எழுத வேண்டும்?

கேட்கலாமென்று நிமிர்ந்தாள். எர்லா குனிந்து நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள், மடக்கத் தெரியாதவள் மாதிரி.

கிளாரிஸ் வேலியோரம் நடந்தாள்.

வில்பர்ட் இன்னும் அண்ணாந்தபடியே இருந்தார். வானத்தில் ஒன்றுமில்லை. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், அவளுக்குச் சற்று இடப்பக்கமாகப் பார்த்துத் தாளை நீட்டினார். பெரிதாக ஒரு பூஜ்யம்.

"பூஜ்யமும் கணக்குதான்னு நீதானே சொல்லுவே" என்றார். "நல்லாத்தான் கத்திக்கிட்டுச் சுத்திச்சுங்க. அப்புறம் சத்தமே அடங்கிடுச்சு. வேற எங்கயோ போயிட்டுதுங்களா, கிளாரிஸ்? எர்லா ஒரு தடவைகூட அமுக்கலையே!"

கிளாரிஸ் திரும்பி, எர்லாவின் கையிலிருந்த அந்தத் தகரக் கிளிக்கரைப் பார்த்தாள்.

"எல்லாம் உள்ளேதான் இருக்கு, வில்பர்ட்" என்றாள். "எர்லா உட்கார்ந்த இடம் தூரம். காத்தும் எதிர்க்காத்து. நாளையிலேர்ந்து பழைய இடத்துக்கே வந்துடுங்க. முதல் குரல் கேட்ட நேரம்னு படிவத்துல ஒரு கட்டம் வருஷக்கணக்கா காலியாவே போகுது. அதை நீங்க பார்த்துக்குங்க. எண்ணிக்கையை நானும் எர்லாவும் பார்த்துக்கறோம்."

வில்பர்ட் தன் கிளிக்கரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் அதை அவள் பக்கமாக நீட்டினார்.

"என் கண்ணு விஷயத்தை எர்லா சொல்லிட்டாளா?"

"இல்லை" என்றாள் கிளாரிஸ். "தான்தான் உங்களைப் பார்த்து எழுதினதா சொன்னாங்க."