எஸ்தரின் ஒரு மணி நேரம்

பாளையங்கோட்டையில் வருடத்துக்கு ஒரு மணி நேரம் தன் தெருவை வண்டிகளுக்கு மூடி வைக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பக்கவாதம் வந்த தேவசகாயத்துக்கு ஹாரன் கேட்டாலே கால் பின்னிக்கொள்ளும். ஜனவரியில் அவருடைய ஒரு மணி நேரம் வாசலோடு முடிந்துபோயிற்று. இன்று மனைவி எஸ்தர் தன்னுடையதைக் கொடுத்திருந்தாள்.

“இன்னைக்கும் டீக்கடைக்குப் போகலன்னா இனிமே எனக்குக் கட்டில்தான்” என்று சொல்லித்தான் இறங்கினார்.

கடைக்கு இரண்டு வீடு இருக்கும்போதே நேரம் முடிந்து தெருமுனைத் தடுப்பு உயர்ந்தது. முதலில் வந்தது எதிர்வீட்டுத் தங்கப்பழத்தின் கார். அவன் இறங்கி, தடுப்புக் கம்பத்தில் விரலை வைத்தான். தடுப்பு மறுபடி இறங்கியது.

“என் ஒரு மணி நேரத்த மக கல்யாண ஊர்வலத்துக்கு வச்சிருந்தேன் மதினி. அவளுக்கு மாப்பிள்ள அமையுததுக்குள்ள அண்ணாச்சி கடைக்குப் போயிருவாகல்லா?”

தேவசகாயம் சிரித்தார். எஸ்தரின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, அடுத்த அடியைத் தானாக வைத்தார்.